நாகலிங்கம் நடந்த நோட்டு

சீல்னு சொன்னாலே எனக்கு இப்பவும் குமட்டும். வளைகுடாவுல முப்பது வருஷமா கடை வச்சிருக்கிறவன் நான். இங்க வாடகைக்கு ஒரு சீல், லைசென்சுக்கு ஒரு சீல், மனுஷன் உசுரோட வேலை பாக்குறதுக்கு ஒரு சீல், செத்து ஊருக்குப் பெட்டியில போறதுக்கு நாலு சீல். அதையெல்லாம் வாயை மூடிக்கிட்டுப் பொறுத்தவன்தான். ஆனா தொண்ணூத்தி ஏழுல நாகலிங்கம் விஷயத்துல நடந்ததைப் பாத்த பிற்பாடு, கடை சீலை நான் கையால தொடுறதில்ல. கடையில வேற ஆள் குத்துறாங்க.

என் பேரு கௌஸ் முகைதீன். சொந்த ஊரு தேவிபட்டினம். புஜைராவுல இருந்து மசாபி போற ரோட்டு முனையில மளிகைக் கடை. நாகலிங்கம் எங்கிட்ட சாமான் வாங்குற லேபர்ல ஒருத்தன். சிவகங்கைப் பக்கம் ஒரு சின்ன ஊரு. வேலை, எண்ணெய் டேங்க் கழுவுறது. டேங்க்னா வீட்டு மாடியில வைக்கிறது இல்ல, ஒரு கல்யாண மண்டபத்தையே உள்ள வைக்கலாம், அம்புட்டுப் பெருசு. எண்ணெயை எடுத்த பிறகு அடியில முழங்கால் ஆழத்துக்குக் கருப்புச் சகதி கிடக்கும். ஒரு ஆள் நுழையிற ஓட்டை வழியா உள்ள இறங்கி அதை வாளி வாளியா அள்ளணும். அவன் கடைக்கு வர்றதுக்கு முன்னாடி அவன் மேல உள்ள நாத்தம் வந்துரும். அது தெரிஞ்சு அவன் உள்ளயே வரமாட்டான். வாசல்ல நின்னு, "பாய், ஒரு பால்பவுடரு"ம்பான். "உள்ள வாய்யா"ன்னா, "குளிச்சுட்டு ஒருநா வாரேன் பாய்"ம்பான். மூணு வருஷம் அப்படியே வாசல்லயே நின்னான்.

ஒருநாள் ஒரு கடுதாசியைக் கொண்டாந்து நீட்டினான். முகம் செத்துப்போயிருந்துச்சு.

விஷயம் இதுதான். அவுக ஊர்ல இருந்து தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை ஒரு கூட்டம் போகும். கூட்டத்துக்கு முன்னால வேல் எடுத்துட்டு நடக்கிற உரிமை நாகலிங்கத்தோட அப்பாவுக்கு. வருஷம் பூரா வேல் அவுக வீட்டுலதான் இருக்கும். ஊர்ல புள்ளைக்குக் காய்ச்சல்னாலும் சரி, பரீட்சைன்னாலும் சரி, அந்த வாசலுக்கு வந்து திருநீறு வாங்கிட்டுத்தான் போவாங்களாம். அப்பா மௌத்தாகிப் போயிச் சேந்த பிறகு ஒரே மகன் இவன். ஊர்க் கட்டுப்பாடு என்னன்னா, வேல் வீட்டு ஆம்பளை தொடர்ந்து மூணு தைப்பூசம் நடக்காம விட்டா, வேல் அடுத்த பங்காளி வீட்டுக்குப் போயிரும். வாங்கிக்கிறவனும் அந்த வருஷம் நடந்தவனா இருக்கணும். இவன் ரெண்டு வருஷம் விட்டாச்சு. தை மாசம் கப்பல் நெறைய வரும், டேங்க் கழுவுற வேலை தலைக்கு மேல கிடக்கும், கம்பெனியில லீவு கேட்டா "மாஃபி", இல்லைன்னு ஒரே வார்த்தை. லீவு குடுத்தா அது வெயில்காலத்துலதான்.

அதான் அவன் ஊர் யாத்திரைக் குழுவுக்கு எழுதிக் கேட்டிருக்கான். குழுச் செயலாளரு ஒரு ரிட்டையர் வாத்தியாரு. அவரு பதில் போட்டிருந்தாரு. இருக்கிற இடத்துலயே மாலை போட்டு, இருபத்தோரு நாள் விரதம் இருந்து, நம்ம ஊருக்கும் பழனிக்கும் உள்ள அளவு தூரம் நடந்து, அங்க உள்ள கோயில்ல முடிக்கலாம். ஆனா வழியில தங்குற ஒவ்வொரு ஊர்லயும் நோட்டுல சீல் வாங்கி அனுப்பணும்னு. அவுக கூட்டத்துக்கும் அப்படி ஒரு நோட்டு உண்டாம். வழியில மண்டபத்துக்கு மண்டபம் சீல் குத்தி வாங்குவாங்க, அதைக் காட்டினாத்தான் அடுத்த ஊர்ல சோறும் படுக்க இடமும்.

"நூத்தி முப்பது கிலோமீட்டரு பாய். இங்கிருந்து துபாய்க் கோயிலுக்குச் சரியா இருக்கும். நடந்துருவேன். ஆனா இந்தப் பாலைவனத்துல எனக்கு எவன் சீல் குத்துவான்?"

"நான் குத்துறேன்யா"ன்னேன். "மசாபியில என் மச்சான் அலாவுதீன் கஃபடேரியா இருக்கு. தைதுல எங்க கடை இருக்கு, ஷார்ஜா ரோலாவுலயும் இருக்கு. ஒரு நாளைக்கு ஒரு ஊரு. நாலு ஊரு, நாலு சீல். அஞ்சாவது உங்க சாமி பாத்துக்கட்டும்."

அவன் சிரிச்சான். நான் பெரிய மனுஷன் மாதிரி நெஞ்சை நிமித்திக்கிட்டு ஒரு நாப்பது பக்க நோட்டை எடுத்து அவன் கையில குடுத்தேன். அட்டையில பிள்ளையார் சுழி போட்டு, மஞ்சள் தடவி, ஒரு பிளாஸ்டிக் பையில சுத்தி வச்சுக்கிட்டான்.

அடுத்த பங்காளி யாருன்னு சொல்லலையே. பாலகுருன்னு ஒருத்தன். நாகலிங்கத்தோட சித்தப்பா மகன். துபாய் சோனாப்பூர்ல கேம்ப் பாஸ், அதாவது லேபர் கேம்ப்ல ரூம் பிரிச்சுக் குடுக்கிறவன், தண்ணி திறந்து விடுறவன், எவன் மேல கோவமோ அவனைக் கக்கூஸ் பக்கத்து ரூம்ல போடுறவன். ஒரு வெள்ளிக்கிழமை கம்பெனி பிக்கப்பை எடுத்துட்டு புஜைரா வந்தான். சென்ட் வாடை கடையில அரை நாள் நின்னுச்சு. டேங்க் நாத்தமே தேவலாம்னு இருந்துச்சு எனக்கு.

"அண்ணே, நீ மட்டும் நடந்தா எப்புடி, நானும் நடக்கிறேன். எனக்கு லீவு தேதி வேற. நான் தனியா நடந்துக்கிறேன்"னான்.

"நல்லா நட தம்பி"ன்னான் நாகலிங்கம். மனசாரச் சொன்னான், அந்தப் பைத்தியக்காரன்.

அந்த வருஷம் தைப்பூசம் எங்க ரமலான் நோன்புக்குள்ள வந்துச்சு. கேம்ப்ல பதினாலு பேரு படுக்கிற ரூம்ல, கருவாடு வறுக்கிற அடுப்புக்குப் பக்கத்துல ஒரு ஸ்டவ்வை வச்சுக்கிட்டு இருபத்தோரு நாள் ஒருவேளைச் சோறு பொங்கித் தின்னான் நாகலிங்கம். ரூம்ல உள்ளவங்க கிண்டல் பண்ணினாங்க, அவன் கண்டுக்கலை. சம்பளம் வேணாம்னு எழுதிக் குடுத்து நாலு நாள் லீவு வாங்கினான்.

திங்கக்கிழமை காலையில ஆறு மணி. நான் விடியுமுன்ன சஹர் சாப்பாடு முடிச்சுத் தொழுதுட்டு வந்து கடையைத் திறக்கிறேன், வாசல்ல நிக்கிறான். பேண்ட், சட்டை, உள்ள மாலை, கால்ல செருப்பு இல்ல. பையில லேபர் கார்டு. அதுக்கு முந்தின வருஷம்தான் பேப்பர் இல்லாத ஆளுகளையெல்லாம் மன்னிச்சு ஊருக்கு அனுப்பிட்டு ரோட்டுல சோதனை போட ஆரம்பிச்சிருந்த நேரம். "கார்டை உசுரு மாதிரி வச்சுக்க"ன்னு சொல்லி, நோட்டை வாங்கி பிஸ்மில்லாஹ் சொல்லி முதல் சீலைக் குத்தினேன். அரபியில, இங்கிலீஷ்ல கம்பெனி பேரு, பாக்ஸ் நம்பரு. கீழ தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டேன்.

"தண்ணிக்கு என்னய்யா பண்ணுவ? நோன்பு நாள்ல ரோட்டுல வச்சுக் குடிச்சாப் புடிச்சிருவாங்க."

"விரதந்தான பாய். பொழுது விழவும் குடிச்சுக்கிறேன்."

"பாறைக்குப் பின்னாடி போயிக் குடியேன், எவன் பாக்குறான்?"

"நான் பாக்குறேன்ல"ன்னுட்டு நடந்துட்டான்.

மலைக்கு நடுவுல போற ரோடு அது. கல் லாரிக எந்நேரமும் போகும், சிந்தின ஜல்லி ஓரமெல்லாம் கிடக்கும். அன்னிக்குப் பொழுது விழுந்து மஃரிப் நேரத்துல அலாவுதீன் போன் பண்ணினான். "மச்சான், உன் ஆளு வந்துட்டான். கால் ரெண்டும் வீங்கிருக்கு. பேரீச்சம்பழமும் தண்ணியும் குடுத்தேன். முதல்ல சீலைக் குத்துங்க பாய், பெறகு தண்ணி குடிக்கிறேங்கிறான், என்னா மனுஷன்டா இவன்!"ன்னான்.

ரெண்டாம் நாள் தைதுக்குப் போற வழியில போலீஸ் ஜீப் நிறுத்தியிருக்கு. கார்டைக் காட்டியிருக்கான். கார்டு சரியா இருக்கு. வண்டி எங்கங்கிறாரு போலீஸ்காரரு. வண்டி இல்ல, நடந்துதான் போறேங்கிறான் இவன், அரைகுறை ஹிந்தியில. எதுக்கு நடக்கிறேன்னா இவனுக்குச் சொல்லத் தெரியலை, நோட்டை எடுத்துக் காட்டியிருக்கான். அவரு ரெண்டு பக்கத்தையும் புரட்டி, முதல் சீல் மேல விரலை வச்சு "புஜைரா"ன்னாராம். அடுத்த சீல் மேல விரலை வச்சு அதுக்கும் "புஜைரா"ன்னாராம். வாய்விட்டுச் சிரிச்சுட்டு, "யல்லா, போ"ன்னு ரெண்டு பேரீச்சம்பழத்தைக் கையில திணிச்சு, வெயில் இறங்கினப்புறம் தின்னுன்னு வானத்தைக் காட்டிட்டுப் போனாராம். இதை நாகலிங்கம் பிற்பாடு எங்கிட்டச் சொல்லி அவனும் சிரிச்சான், நானும் சிரிச்சேன். எதுக்குச் சிரிச்சாருன்னு ரெண்டு பேருமே யோசிக்கலை. என் மூளைக்கு அப்ப என்ன வந்துச்சோ!

வியாழக்கிழமை துபாய் டெய்ராவுல சரக்கு எடுக்கப் போன நான், சாயங்காலம் அஸர் தொழுகை முடிச்சு பர்துபாய்க் கோயில் சந்துல போயி நின்னேன். ஷார்ஜாவுல இருந்து வர்றவன் டெய்ரா பக்கம் இறங்கி, நடுவுல உள்ள உப்பங்கழியில படகு ஏறினா அஞ்சு நிமிஷத்துல இந்தக் கரை. இவன் ஏறலை. படகும் வண்டிதானேன்னு சொல்லி, சுத்திக்கிட்டு பாலத்து வழியா நடந்து வந்திருக்கான். அவன் சந்துக்குள்ள நுழையவும் பக்கத்துப் பள்ளிவாசல்ல பாங்கு சொல்லவும் சரியா இருந்துச்சு. என் கையில இருந்த தண்ணி பாட்டிலை நான் பாதி குடிச்சு அவனுக்குப் பாதி குடுத்தேன்.

அப்பத்தான் கீழ பாத்தேன். பாதம்னு சொல்ல அங்க ஒண்ணும் இல்ல. கொப்புளம் வெடிச்சு, அதுல மண்ணு ஏறி, சீழ் கோத்து, பெருவிரல் நகம் ஒண்ணு காணோம். வருஷக்கணக்கா சகதியில ஊறின தோலு தாள் மாதிரி உரிஞ்சு தொங்குது. ஆனா அவன் முகத்தைப் பாக்கணுமே, அப்படி ஒரு சந்தோஷம்!

கோயில் வாசல்ல யாரு? பாலகுரு. கஞ்சி போட்ட வேட்டி, நெத்தி நெறைய விபூதி, கழுத்துல மல்லிகை மாலை, சென்ட். கழட்டி வச்ச ஷூவுல தூசி இல்ல. காலு ரெண்டும் கல்யாண மாப்பிள்ளை கால் மாதிரி பளபளன்னு இருக்கு.

"வாண்ணே. நான் நேத்தே முடிச்சுட்டேன்"னு நோட்டை எடுத்து விரிச்சான். வட்ட வட்டமா ஊதா சீலு. நடுவுல வேல் படம். சுத்தித் தமிழ்ல, "மசாபி ஸ்ரீமுருகன் பக்தர் குழு." அடுத்த பக்கம், "தைது பாதயாத்திரை வரவேற்புக் குழு." புஜைராவுக்கும் ஷார்ஜாவுக்கும் அதே மாதிரி ஒவ்வொண்ணு.

"மசாபியில ஏதுய்யா பக்தர் குழு? அங்க மலை இருக்கு, ஆடு இருக்கு, என் மச்சான் இருக்கான். குழுவை எங்க பாத்த?"ன்னேன்.

"புதுசா ஆரம்பிச்சிருக்காங்க பாய், உங்களுக்குத் தெரியாது"ன்னு சிரிச்சான். வெக்கங்கெட்ட பய! சாமி வாசல்ல நின்னுக்கிட்டு, மாலையைப் போட்டுக்கிட்டு, புளுகுறான். அந்த மூஞ்சியில காறித் துப்பணும்னு வாய் வரைக்கும் வந்துருச்சு. நாகலிங்கம் என் கையைப் புடிச்சுக்கிட்டான்.

"விடுங்க பாய். நான் நடந்தது எனக்கு."

நோட்டை நான்தான் ரிஜிஸ்தர் தபால்ல அனுப்பினேன். ஒரு மாசம் ஆச்சு. அவன் காலும் ஒருமாதிரி ஆறி டேங்குக்குள்ள இறங்க ஆரம்பிச்சுட்டான். மார்ச் ஆரம்பத்துல நோட்டு திரும்பி வந்துச்சு, கூட ஒரு கடுதாசி, ஒரு கேசட்டு. அப்பல்லாம் வீட்டுல பேசி கேசட்ல பிடிச்சு அனுப்புவாங்க. கேம்ப்ல டேப் ரிக்கார்டர் ரிப்பேர்னு என் கடைக்குக் கொண்டாந்தான். அன்னிக்கும் உள்ள வரலை. நான்தான் டேப்பை வாசல் பக்கம் திருப்பி வச்சேன். அவன் சம்சாரம் ஜோதிமணி பேசுது.

"என்னங்க, நல்லா இருக்கீகளா. வாத்தியாரு நோட்டைப் பாத்துட்டு நீங்க நடக்கவே இல்லைனு சொல்லிட்டாக. ஊர்க்கூட்டத்துல எல்லாத்துக்கும் முன்னாடி படிச்சாக. பங்குனி உத்தரத்தன்னிக்கு பாலகுரு வீட்டுல இருந்து வந்து வேல் எடுத்துக்குவாகளாம். அவுக அம்மா பூவாயி சின்னத்தை இப்பவே அவுக வாசல்ல மாடம் கட்டிட்டாக. நீங்க நடந்தீகளா இல்லையான்னு நான் கேக்கலை. நீங்க நடந்திருப்பீக. நான் யார்கிட்டப் போயிச் சொல்ல?"

அதுக்கு மேல டேப்புல அழுகைதான். நான் டேப்பை நிப்பாட்டிட்டுக் கடுதாசியைப் படிச்சேன். "தங்கள் நோட்டில் உள்ள நான்கு முத்திரைகளிலும் புஜைரா என்னும் ஒரே ஊரின் பெயரும் ஒரே பெட்டி எண்ணும் மட்டுமே காணப்படுகின்றன. தாங்கள் ஓரிடத்தில் இருந்துகொண்டே இவற்றைப் பெற்றதாகக் குழு முடிவு செய்கிறது. திரு. பாலகுரு நோட்டில் ஒவ்வொரு ஊரின் பெயரும் வேல் சின்னத்துடன் தெளிவாக உள்ளது."

எனக்குத் தலையில இடி விழுந்துச்சு. நோட்டைப் புடுங்கிப் பாத்தேன். ஆமா, புஜைரா, புஜைரா, புஜைரா, புஜைரா!

இந்த நாட்டுல வீட்டு வாசலுக்குத் தபால்காரன் வரமாட்டான். ஒவ்வொரு கம்பெனிக்கும் போஸ்டாபீஸ்ல ஒரு பெட்டி, அந்தப் பெட்டி நம்பருதான் விலாசம். மச்சான் கஃபடேரியாவையும் சேத்து எங்க நாலு கடையும் ஒரே கபீல் பேர்ல, அதாவது எங்களுக்கு லைசென்ஸ் எடுத்துக் குடுத்த அரபி பேர்ல இருக்கு. அவரு புஜைராக்காரரு. அதனால மசாபிக் கடைக்கு வர்ற கடுதாசியும் புஜைராப் பெட்டிக்குத்தான் வரும், ஷார்ஜாக் கடைக்கு வர்றதும் அங்கதான். நாலு கடை சீல்லயும் அதே பெட்டி, அதே ஊரு. அதுவரைக்கும் பன்னெண்டு வருஷமா குத்தியிருக்கேன், ஒருநாளும் அது எனக்கு உறைச்சதில்ல. கீழ போட்ட தேதியையும் நாலு பேரு கையெழுத்தையும் அவுக யாரும் பாக்கலை.

நாகலிங்கம் நோட்டை வாங்கி ஒவ்வொரு சீல் மேலயும் விரலை வச்சுப் பாத்தான். அப்புறம், "அந்தப் போலீஸ்காரரு இதைத்தான் காட்டிச் சிரிச்சாரு போல பாய்"ன்னான்.

அதைக் கேட்டு நான் செத்தேன். நோட்டை எங்கிட்டக் குடுத்து, "கேம்ப்ல வச்சா எண்ணெய் பட்டுரும். உங்ககிட்ட இருக்கட்டும்"னுட்டுப் போயிட்டான்.

மறுநாள் போன் கார்டு வாங்கி அந்த வாத்தியார் வீட்டுக்குப் பக்கத்துக் கடைக்குப் போன் பண்ணி அவரைக் கூப்பிடச் சொன்னேன். வந்தாரு. நான் பெட்டி, கபீல், லைசென்ஸ் எல்லாம் விளக்கினேன்.

"நாலு ஊருக்கு ஒரே தபால் பெட்டியா? பாய், நான் முப்பத்தாறு வருஷம் பாடம் நடத்தினவன். எனக்கே காது குத்துறீங்களா?"

"அய்யா, அவன் காலைப் பாத்தவன் நான். நகம் பேந்து கிடந்துச்சு!"

"காலை வச்சுக் கூட்டத்துல தீர்மானம் போட முடியாது. ரெக்கார்டு வேணும். பாலகுரு குழுவுக்கு ஒரு மைக் செட்டே வாங்கிக் குடுத்திருக்காரு, அவரு நடந்தது ஊருக்கே தெரியும். நாங்க ஒண்ணும் ஈவு இரக்கம் இல்லாதவங்க இல்ல. பங்குனி உத்தரத்துக்குள்ள அந்தந்த ஊர் பேரோட முறையான சீல் இருந்தா அனுப்பச் சொல்லுங்க, பரிசீலிக்கிறோம்."

மைக் செட்டு! தூ! முருகனையே மைக் செட்டுக்கு வித்துட்டுப் பரிசீலிக்கிறானாம்.

அந்தக் கோவத்துலதான் என் புத்தி பீயைத் தின்னப் போச்சு.

வியாழக்கிழமை டெய்ராவுல சீல் செய்யிற கடைக்குப் போனேன். மலையாளத்துக்காரரு ஒருத்தரு உக்காந்திருந்தாரு. ஊர் பேரு போட்டு, வேல் படம் போட்டு, தமிழ்ல சீல் வேணும்னேன். மனுஷன் உடனே டிராயரைத் திறந்து ஒரு சாம்பிள் தாளை எடுத்துப் போட்டாரு. "இது மாதிரியா? ஜனவரியில ஒரு ஆளு செஞ்சுட்டுப் போச்சு."

பாத்தேன். மசாபி ஸ்ரீமுருகன் பக்தர் குழு. தைது பாதயாத்திரை வரவேற்புக் குழு. நாலும் ஒரே தாள்ல, வரிசையா, ஓரத்துல "பாலகுரு, சோனாப்பூர்"னு பேரும் தேதியும் எழுதி.

அந்தத் தாளை மடிச்சு ஒரு கவருக்குள்ள போட்டு அந்த வாத்தியாருக்கு அனுப்பியிருந்தா வழக்கு அன்னிக்கே முடிஞ்சது. தாளு என் கையிலயே இருந்துச்சுய்யா! எனக்குத் தோணலை. அல்லா சாட்சியா தோணலை. எனக்குத் தோணினதெல்லாம், அவன் சீலைவிட என் சீல் பெருசா இருக்கணும்கிறது ஒண்ணுதான். "இதைவிட ஒரு சுத்து பெருசா போடு, வேலுக்குப் பக்கத்துல மயில் ஒண்ணையும் போடு"ன்னு சொல்லிட்டு, தாளை அவருகிட்டயே திருப்பிக் குடுத்துட்டேன்.

சீல் வந்துச்சு. கடையை அடைச்சுட்டு உக்காந்து, நாகலிங்கத்தோட நோட்டுல, அந்த நாலு உண்மை சீலுக்குப் பக்கத்துல, நாலு மயில் குத்தினேன். முதல் பக்கத்துல அவனோட வேர்வை பட்டு மை கலைஞ்சிருந்துச்சு. அது மேலயும் கொஞ்சம் ஏறுற மாதிரிதான் குத்தினேன். நாகலிங்கத்துக்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை. திருச்சிக்குப் போற ஒரு ஆள்கிட்டக் குடுத்து விட்டேன்.

ஏத்துக்கிட்டாங்க. உத்தரத்துக்கு முந்தின நாளு குழு கூடி ஏத்துக்கிட்டாங்க. வேல் நாகலிங்கம் வீட்டுலயே இருக்கும்னு தீர்மானம். நோட்டைப் பூசையில வச்சு, குங்குமம் போட்டுத் திருப்பி அனுப்பினாங்க, இந்தத் தடவை நேரா கேம்ப் விலாசத்துக்கு.

அன்னிக்கு நாகலிங்கம் குளிச்சு, வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு வந்தான். முதல் தடவையா கடைக்குள்ள வந்தான். நான் எந்திரிச்சு, "வாய்யா வேல்காரா!"ன்னேன். அவன் நோட்டை விரிச்சு மேசை மேல வச்சான்.

"இது யாரு குத்துனது பாய்?"

"நான்தான். பின்ன? பொய் சொன்னவனுக்கு வேல், நடந்தவனுக்கு நாமமா? அவன் நாலு குத்தினான், நான் எட்டாக் குத்துவேன். வேல் உன் வீட்டுல இருக்குல்ல, அது போதும்யா."

அவன் கோவப்படலை. கோவப்பட்டிருந்தா நான் சமாளிச்சிருப்பேன்.

"வேல் போயிருந்தாலும் இந்த நோட்டு இருந்துச்சு பாய். இதுல ஒரு பொய்யி இல்லாம இருந்துச்சு. என் புள்ளை பெரியவனாகி இது என்னப்பான்னு கேட்டா, எடுத்துக் காட்டலாம்னு இருந்தேன். இப்ப பாலகுரு நோட்டுக்கும் என் நோட்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"நீ நடந்தேய்யா!"

"அது எதுல இருக்கு பாய்?"

கீழ அவன் காலைப் பாத்தேன். புதுத் தோலு மூடிருச்சு, நகம் கூட முளைக்க ஆரம்பிச்சிருச்சு.

"ஜோதிமணிக்குப் போன்ல சொல்லிட்டேன். வேல் எடுத்துக் குடுத்துரச் சொல்லிட்டேன்."

"யாருக்கு? அந்தப் பயலுக்கா? பைத்தியமாய்யா உனக்கு?"

"அவன் பொய்யி அவன் வீட்டுல இருக்கட்டும். என் பொய்யை வச்சுக்கிட்டு என் வாசல்ல ஒரு புள்ளைக்குத் திருநீறு பூசிவிட முடியாது."

நோட்டை எடுத்துக்கலை. என் மேசை மேலயே விட்டுட்டுப் போயிட்டான்.

நான் டெய்ராவுக்கு ஓடினேன். அந்தத் தாளை எப்பவோ குப்பையில போட்டுட்டாராம். வாத்தியாருக்கு என் கையாலயே எல்லாத்தையும் எழுதினேன், என் பித்தலாட்டத்தையும் சேர்த்து. பதில் இல்ல. அடுத்த வருஷம் பாலகுரு ஒரு மாச லீவுல போயி வேல் எடுத்துட்டு நடந்தானாம். ரோட்டைத் தொட்டுத் தொட்டு, கார்ல ஏறி ஏறித்தான் நடந்தான்னு ஊர்ல இருந்து வந்தவங்க சொன்னாங்க. போட்டோவுல முன்னால நிக்கிறான், பின்னால அந்த மைக் செட்டு. பாத்துட்டு நான் சோறு தின்னலை.

நாகலிங்கம் அதுக்குப் பிறகு சாமானை வேற கடையில வாங்கினான்.

அந்த அடுத்த வருஷத் தைப்பூசம் எங்க நோன்பு முடிஞ்ச பிறகு வந்துச்சு. ஒருநாள் சாயங்காலம் மசாபியில இருந்து அலாவுதீன் போன் பண்ணினான்.

"மச்சான், உன் ஆளு வந்தான்டா. அதே மாதிரி, செருப்பு இல்லாம."

"நோட்டு வச்சிருக்கானா?"

"இல்ல. நானாத்தான் சீலை எடுத்துட்டு வந்தேன். வேணாம்னு கையைக் காட்டிட்டான். தண்ணி கேட்டான், குடிச்சான், போயிட்டான்."

போனை வச்சுட்டு வாசல்ல வந்து நின்னேன். புஜைராவுல இருந்து மசாபிக்கு ஒரே ரோடுதான், என் கடையைத் தாண்டாம அந்த ரோட்டுல ஏற முடியாது. அன்னிக்குக் காலையில ஆறு மணிக்கு நான் கடையைத் திறந்து வச்சுக்கிட்டு உள்ளதான் உக்காந்திருந்தேன்.